பேய்க்குக் கன்னக்குழி வைத்தவர்

இடது கையின் இரண்டு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாக்கை முகவாய் வரை தொங்கவிட்டு, எதிரே சாய்த்துவைத்த கண்ணாடியைப் பார்த்து வலது கையால் வரைந்துகொண்டிருக்கிறார் மாங் செபியோ. எச்சில் வழிகிறது. துடைக்கக் கை காலி இல்லை. பொரித்த கருவாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி பாசிங், கண்ணாடியை ஒரு பார்வை, காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"நாக்கு பத்தல. காலையில பல்லு தேய்க்கறப்ப இதவிட நல்லா நீட்டின."

"ஆங்ங்," என்கிறார் அவர். நாக்கு வெளியே இருக்கும்போது அவ்வளவுதான் பேச வரும்.

'மாங்' என்பது மரியாதைக்கு, பெண்களானால் 'ஆலிங்'; முழுப்பெயர் யூசெபியோ டிமயூகா. மணிலாவில் சம்பாலோக் கால்வாய்க்கரைச் சந்தில் வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். பேய் வரைகிறவர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், நாய்கூட முன்னால் நடந்து கூட்டிப்போகும். வாரா வாரம் வருகிற திகில் சித்திரக்கதைப் புத்தகத்தில் நடுப்பக்கங்கள் அவருடையவை. சந்து முனையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டு வாடகைக்கு விடுகிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் புரட்டுவது அந்த நடுப்பக்கங்களைத்தான். படித்து முடித்தபின் தனியாக வீட்டுக்குப் போகத் துணை தேடுவார்கள்.

பேய் வரைகிறவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனால் குடல் என்று ஒன்று இருக்கிறதே, அதை வரைய மாங் செபியோவை விட்டால் ஆள் கிடையாது. சனிக்கிழமைதோறும் சந்தையில் குடல் விற்கிற இசிங்கின் பலகைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். வாங்குவது கொஞ்சம், பார்ப்பது அதிகம். "பாத்தது போதும், எடுங்க மாங் செபியோ, பின்னால ஜனம் நிக்குது," என்று அவள் ஈ விரட்டும் விசிறியால் அவர் தோளிலும் ஒரு தட்டுத் தட்டுவாள். வாங்கிவந்ததைப் பாசிங் ரத்தக் குழம்பு வைப்பாள். வரைந்த கையோடு அதே குடலைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதில் அவருக்கு ஒரு அருவருப்பும் கிடையாது.

கண்ணால் காணாததை வரைய மாட்டேன் என்பது அவர் கொள்கை. அப்படியானால் பேயை எங்கே பார்த்தீர்கள் என்று யாராவது மடக்கினால், "துண்டு துண்டா பாத்திருக்கேன்," என்பார். பொய்யில்லை. சிறகு, கம்பி முறிந்த குடையிலிருந்து வந்தது. பல், எதிர்வீட்டு நாயுடையது. தலைமயிர், குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்கும் பாசிங்குடையது. மற்றதெல்லாம் கண்ணாடியில் அவர் முகம்.

செத்த உடல்கள் மட்டும் அக்கம்பக்கத்தாருடையவை. சந்தில் அவர் கையால் சாகாதவர் குறைவு, சாகாதவர்களுக்கு அது ஒரு மனக்குறை. முடிதிருத்தும் மாங் தெபான் கிணற்றில் விழுந்து ஒருமுறையும், சொந்தக் கத்தியாலேயே ஒருமுறையும் செத்திருக்கிறார். அவருடைய புகாரே வேறு.

"கொல்றதுன்னா என்னைக் கடைசிப் பக்கத்துல கொல்லுங்க மாங் செபியோ. ரெண்டாம் பக்கத்துலயே போய்ச் சேந்துட்டா எனக்கு என்ன மரியாதை? பொண்டாட்டிகூட மதிக்க மாட்டேங்கறா."

"உங்க கழுத்து அப்படி. பாத்ததும் அறுக்கணும்னு தோணுது, நான் என்ன பண்ண?"

இத்தனை பேரைத் தீர்த்துக்கட்டுகிற மனிதர், பொழுது சாய்ந்தால் கொல்லைப்பக்கம் தனியாகப் போக மாட்டார். பாசிங் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். அவள் ஒரு நொடி பேச்சை நிறுத்தினால் உள்ளேயிருந்து "பாசிங்?" என்று குரல் கொடுப்பார். வரைவதற்கு முன் மேசை விளிம்பை இரண்டு தட்டுத் தட்டி, சிலுவை போட்டுக்கொண்டு, "சாமி, கொஞ்சம் தள்ளிக்குங்க. ஓரமா வரைஞ்சுட்டுப் போயிடறேன்," என்று கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் அனுமதி கேட்பார். பூதம் குடியிருக்கும் என்று புற்றைத் தாண்டும்போது இங்கே எல்லோரும் சொல்வதுதான். மற்றவர்கள் பழக்கத்தில் சொல்கிறார்கள், இவர் பதிலுக்குக் காத்திருப்பார்.

இந்த வருடம் அவர் வரைந்துகொண்டிருந்தது மனனங்கல் கதை. எல்லாப் பேயிலும் பொல்லாதது அதுதான். பகலில் சாதாரணப் பெண். இருட்டியதும் உடம்பு இடுப்போடு பிரியும். கீழ்ப்பாதி வாழைத்தோப்பில் நின்றுகொண்டிருக்க, மேல்பாதி சிறகு முளைத்துப் பறந்துபோய், கர்ப்பிணி படுத்திருக்கும் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து, நூல்போன்ற நாக்கை ஓட்டை வழியாக இறக்கி வயிற்றுச் சிசுவை உறிஞ்சிவிடும். கதை தொடங்கிய இரண்டாம் வாரம், பாசிங் அவர் காதோடு ஒரு செய்தி சொன்னாள். அவள் முழுகாமல் இருந்தாள்.

கல்யாணமாகி எத்தனையோ காலம். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. செய்தி கேட்ட அன்று மாங் செபியோ கடைக்கு ஓடி, கை கொள்ளாமல் பூண்டு வாங்கிவந்து, சன்னலுக்குச் சன்னல் மாலையாகக் கட்டினார். பூண்டு வாடைக்கு மனனங்கல் அண்டாது. கட்டி முடித்துவிட்டு, மேசையில் வந்து உட்கார்ந்து, பாதியில் விட்ட மனனங்கலுக்கு நாக்கைப் போட்டார். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

மசக்கைக்கு மாங்காய் கேட்பார்கள், புளி கேட்பார்கள். பாசிங்குக்கு மனனங்கலைப் பார்க்க வேண்டும். மை காய்ந்ததும் பக்கத்தை வாங்கிக்கொண்டுபோய் சாப்பாட்டுப் பலகைக்கு எதிரே சுவரில் குத்திவைப்பாள். அதைப் பார்த்தபடி இரண்டு தட்டுச் சோறு இறங்கும். படத்தை எடுத்துவிட்டால் குமட்டல். ஒருநாள் வயிற்றுக்கு எண்ணெய் நீவ வந்த மருத்துவச்சி ஆலிங் புதாய் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி கூத்து இது? சன்னல்ல பூண்டு, சுவத்துல அவளா? திருடனுக்குப் பயந்து கதவைச் சாத்திட்டு, உள்ள அவனுக்கே பாய் விரிச்ச மாதிரி இருக்கு!"

"அவளப் பாத்தாத்தான் அக்கா எனக்குச் சோறு வயித்துல தங்குது."

"தங்கும், தங்கும். மாசமா இருக்கறவ கண்ணு எதைத் திங்குதோ அதுதான் வயித்துல ஒட்டும். ஒட்டிப்பொறந்த வாழப்பழம் தின்னுட்டுக் கோரிங் ரெட்டை பெக்கலையா? டேய் செபியோ, உனக்குப் பொறக்கப்போறது நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தா என்கிட்ட வந்து அழாத. இப்பவே சொல்லிட்டேன்."

பாசிங் சிரித்தாள். மாங் செபியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் வரைகிற ஒவ்வொன்றையும் நம்புகிற மனிதர் அவர். அன்று பகல் முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை. படத்தை எடுத்தால் அவள் சாப்பிட மாட்டாள், எடுக்காவிட்டால் பிள்ளை என்னவாகும் என்று தெரியாது. கடைசியில், மறுநாள், வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஜீப்னி வண்டி ஏறி, பத்திரிகை ஆசிரியர் லெடெஸ்மாவைப் பார்க்கப் போனார். அச்சகத்து மாடியில், பகலிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர்.

"சார், பேய் வேணாம். காதல் கதை ஏதாவது இருந்தா குடுங்க."

லெடெஸ்மா கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு மாதிரிப் பக்கம் வரையச் சொன்னார். கடற்கரைச் சுவர், சூரிய அஸ்தமனம், ஒரு பையன், ஒரு பெண். மாங் செபியோ மூலையில் உட்கார்ந்து மதியம் முழுக்க உயிரைக் கொடுத்து வரைந்தார். உயிர் அவரிடமிருந்து போனதே தவிர படத்துக்கு வந்து சேரவில்லை. பெண்ணின் கண் குழிந்திருந்தது. இடுப்பில் கை வைத்திருந்த பையன் ஈரலைத் தேடுகிறவன் போலிருந்தான்.

"செபியோ, இதுங்க ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கப் போகுதா, இல்ல இப்பத்தான் தோண்டி எடுத்தியா?" என்றார் லெடெஸ்மா. "போய்யா. போய் உன் குடலை வரை."

வரும் வழியில் ஜீப்னியில் இடிபட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது, வந்தாலும் செய்திருக்க மாட்டார்கள். பாசிங் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள். சரி, பார்க்கட்டும். பார்ப்பது அழகாக இருந்துவிட்டுப் போகட்டுமே!

அந்த வாரம் மனனங்கலின் புருவத்தைத் திருத்தினார். அடுத்த வாரம் இமைமயிரைக் கூட்டினார். நாயின் பல்லைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்தார். நெற்றி பாசிங்குடையது. கன்னக்குழி, செத்துப்போன தன் தாயாருடையது. மூக்கில்தான் சிக்கல். இரண்டு குடும்பத்திலும் சொல்லிக்கொள்ளும்படி மூக்கு யாருக்கும் அமையவில்லை. குயாப்போ கோயில் வாசலில் சாமி சிலைகள் விற்கும் கடைக்குப் போய், மரத்தில் செதுக்கிய ஒரு தேவதைச் சிலையின் முன்னால் நெடுநேரம் நின்று, மூக்கை மட்டும் பென்சிலில் எடுத்துவந்தார். இடுப்புக்குக் கீழே குடல் எப்போதும்போல் தொங்கியது. அதில் அவர் கை வைக்கவில்லை, தொழில் சுத்தம் வேண்டுமே.

பாசிங் பார்த்தாள், சாப்பிட்டாள், கன்னம் உப்பி மினுமினுத்தாள். மாங் செபியோவுக்கு மனம் நிறைந்தது. தூரிகையைக் கழுவும்போதெல்லாம் சீழ்க்கையடித்தார். இதற்கு முன் அவர் சீழ்க்கையடித்து சந்தில் யாரும் கேட்டதில்லை.

ஊர் என்ன சும்மா இருக்குமா? பெஞ்சில் உட்கார்ந்து படிப்பவர்கள் இப்போது துணை தேடுவதில்லை, பெருமூச்சு விட்டார்கள். மாங் தெபான் தன் கடைக் கண்ணாடியில் மனனங்கலின் முகத்தை வெட்டி ஒட்டிவிட்டார்.

"நேத்து எங்க வீட்டுக் கூரையில சத்தம் கேட்டுச்சு மாங் செபியோ. அவளா இருக்கும்னு ஏணி எடுத்துட்டு ஓடினேன். பாத்தா பூனை! மனசே ஒடிஞ்சுபோச்சு."

இந்தப் பேச்சு அச்சகத்து மாடிக்கும் போயிற்று. பக்கங்களைக் கொடுக்கப்போன மாங் செபியோவை லெடெஸ்மா உட்காரச் சொல்லவில்லை.

"பேய்னா ஜனம் கதவைச் சாத்தணும் செபியோ. உன் பேய்க்கு அவனவன் கதவைத் திறந்து வெச்சிட்டு, தலை சீவிட்டு உக்காந்திருக்கான். இதைவிட ஒரு பேய்க்கு அவமானம் உண்டா? அடுத்த வாரம் கதைய முடி. அவ சாகணும். கடைசிக் கட்டத்துல முகம் பெருசா, வெயில் பட்டு எரியற மாதிரி. அந்த அழகு இருந்த இடம் தெரியக் கூடாது."

"கொஞ்ச வாரம் பொறுத்து..."

"பொறுக்கறதுக்கு இல்ல. முடியாதுன்னா சொல்லு, ரூஃபோ எரிச்சுக் குடுப்பான்."

ரூஃபோ வரைகிற குடல் சேமியா மாதிரி இருக்கும்.  மாங் செபியோ தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மனனங்கலைக் கொல்வது எப்படி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மேல்பாதி வெளியே பறந்திருக்கும் நேரத்தில், தோப்பில் நிற்கும் கீழ்ப்பாதியின் வெட்டுவாயில் உப்பைத் தூவிவிட வேண்டும். திரும்பி வருகிறவள் ஒட்டிக்கொள்ள முடியாமல் தவிப்பாள். பொழுது விடிந்துவிடும். வெயில் பட்டால் தீர்ந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கங்களைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். பாசிங்குக்கு இன்றோ நாளையோ என்ற நிலை. ஆலிங் புதாய் காலையில் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் காய்ச்சப் பெரிய பாத்திரம் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிப் போயிருந்தாள். மாங் செபியோ வட்ட ஸ்டூல் ஒன்றை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு, அதை மனனங்கலின் இடுப்பாகப் பாவித்து, கைநிறையக் கல்லுப்பை அதன் தலையில் கொட்டியிருந்தார். மணி மணியாக அது குவிந்தும் சிதறியும் கிடந்ததைப் பார்த்து வரைந்தும் முடித்துவிட்டார். உப்பு தூவுகிற கை ஆயிற்று. பறந்து திரும்புகிறவள் ஆயிற்று. கிழக்கு வெளுத்தாயிற்று. கடைசிக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கண்ணாடியைப் பார்த்து முகத்தைக் கோணினார். மூச்சுத் திணறிச் சாவது, பயந்து சாவது, எரிந்து சாவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்றைக்குக் கண்ணாடியில் தெரிந்தது பல்வலிக்காரன் ஒருவன்தான்.

"நீ காட்டேன்," என்றார் பாசிங்கிடம்.

சாகிற முகம் காட்டுவதில் அவள் கெட்டிக்காரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, கண்ணை மேலே செருகினாள். மாங் செபியோ தூரிகையை மையில் தோய்த்தார். அவள் நெற்றியைப் பார்த்தார். காகிதத்தில் போன கட்டத்திலிருந்த அதே நெற்றியைப் பார்த்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"போதும் பாசிங். அப்படிப் பண்ணாத. என்னால ஆகாது."

"என்னாச்சு? நல்லாத்தான சாகறேன்."

"இவ பேயில்ல." போன கட்டத்து முகத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "இவ நம்ம பொண்ணு. ரெண்டு போச்சு, ஒண்ணோட முகத்தக்கூட நாம பாக்கல. இதுக்காவது முன்கூட்டியே ஒரு முகம் வரைஞ்சு வெச்சா, அந்த முகத்தத் தேடிக்கிட்டு வந்துடும்னு நெனச்சேன். நீதான் தெனமும் பாத்துட்டு இருந்தியே, ஒட்டிக்கும்னு நெனச்சேன். இப்ப அதையே என் கையால எரிக்கச் சொல்றாங்க."

பாசிங் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"கன்னக்குழி வந்தப்பவே சந்தேகம். மூக்கு வந்ததும் நிச்சயமாயிடுச்சு. பேய்க்கு எதுக்குடா இவ்வளவு மூக்குன்னு. பாவி மனுஷா, பையனாப் பொறந்தா?"

"பையனுக்கு மூக்கு வேணாமா?"

அவள் சிரித்தாள். சிரித்ததில் வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது போலும், 'ஸ்' என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாங் செபியோ பதறி எழுந்தார். அவள் அவரைக் கையமர்த்தி உட்காரச் சொன்னாள்.

"நீ எரிக்கலன்னா?"

"ரூஃபோ எரிப்பான். எனக்கு இனிமே அங்க வேலை இருக்குமோ என்னவோ."

பாசிங் சுவரில் குத்தியிருந்த பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. பிறகு மேசை விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்க, மெல்ல எழுந்தாள். அடுப்படிக்குத்தான் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள், மனனங்கலின் இடுப்பாயிருந்த ஸ்டூலிடம் போய் நின்றாள். பாவாடை ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் தலையிலிருந்த உப்பை ஒரே வழிப்பில் தரையில் தள்ளினாள். இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். பலகை இடுக்கில் ஒட்டியிருந்த கடைசி மணியையும் நகத்தால் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, சுத்தமான ஸ்டூலைக் காலால் நகர்த்தி அவர் கண்ணுக்கு நேராக வைத்தாள்.